மருத்துவ மாணவர்களின் பரிந்துரைக் கடிதங்கள்: எது இரகசியமாக இருக்கலாம், எது இருக்கக் கூடாது?

மருத்துவமனையில் நோயாளியின் படுக்கையருகே முதலில் வந்து நிற்பவர் பெரும்பாலும் இளம் மருத்துவரே. நள்ளிரவில் இரத்த அழுத்தத்தைப் பார்ப்பவரும், ஊசி மருந்தின் அளவைக் கணக்கிடுபவரும், மூத்த மருத்துவரை எப்போது அழைக்க வேண்டும் என்று முடிவு செய்பவரும் அவரே. அவர் அவ்விடத்திற்குத் தகுதியானவர் என்று யார் உறுதியளித்தார்கள், எதன் அடிப்படையில் உறுதியளித்தார்கள் என்று நோயாளி அறிய விரும்புவது இயல்பு.

சில நாடுகளில் அவ்வுறுதிமொழியின் ஒரு பகுதி பரிந்துரைக் கடிதத்தின் வழியாக வழங்கப்படுகிறது. மாணவரைப் பற்றி அவருடைய பேராசிரியர் எழுதும் அக்கடிதத்தை அம்மாணவரே படிக்கலாமா, கூடாதா என்பது அரை நூற்றாண்டாக விவாதிக்கப்பட்டு வரும் வினா. மேலோட்டமாகப் பார்த்தால் இது கல்லூரிக்கும் மாணவருக்கும் இடையிலான செய்தி போலத் தோன்றும். ஆனால் அதன் விளைவு இறுதியில் வந்து சேர்வது நோயாளியிடமே. ஆகவே, நோயாளிகளும், பராமரிப்பாளர்களும், வெளிநாட்டு மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் மருத்துவ மாணவர்களின் குடும்பத்தினரும் அறிந்துகொள்ளும் பொருட்டு இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது.

சுருக்கமாக

• பரிந்துரைக் கடிதத்தைப் படிக்கும் உரிமையை மாணவர் தாமாக முன்வந்து விட்டுக்கொடுக்கலாம். அவ்வாறு விட்டுக்கொடுக்குமாறு அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது.
• கடிதம் இரகசியமாக இருப்பதால் மட்டுமே அதில் உண்மை இருக்கும் என்று கொள்ள இயலாது.
• மாணவரின் குறைகள் பயிற்சிக் காலத்திலேயே அவரிடம் நேரில் கூறப்பட வேண்டும். கடிதம் இரகசியமாக இருக்கலாம்; மதிப்பீடு இரகசியமாக இருக்கக் கூடாது.
• நோயாளியை அடையாளம் காட்டும் எந்தத் தகவலும் இக்கடிதங்களில் இடம்பெறக் கூடாது.

பரிந்துரைக் கடிதம் என்றால் என்ன?

முதலில் ஒரு சொல் விளக்கம். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மேல் சிகிச்சைக்காகப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும்போது நோயாளியிடம் தரப்படும் சீட்டையும் நாம் பரிந்துரைச் சீட்டு, பரிந்துரைக் கடிதம் என்றே அழைக்கிறோம். இப்பக்கம் அதைப் பற்றியது அன்று. அது நோயாளியின் உடல்நிலையைப் பற்றிய ஆவணம். அதைப் பற்றிய ஒரு குறிப்பு இறுதியில் வினா விடைப் பகுதியில் தரப்பட்டுள்ளது.

இங்கே குறிப்பிடப்படுவது, மருத்துவ மாணவர் ஒருவர் மேற்படிப்புக்கோ பயிற்சிப் பணிக்கோ விண்ணப்பிக்கும்போது, அவரோடு பணிபுரிந்த மூத்த மருத்துவர் அவரைப் பற்றி எழுதித் தரும் கடிதம். தேர்வு மதிப்பெண் மாணவரின் அறிவைக் காட்டும். மதிப்பெண்ணில் வெளிப்படாத பண்புகளைக் காட்டுவதற்கே இக்கடிதம் கோரப்படுகிறது. தவறு நேர்ந்தால் அதை ஒப்புக்கொள்வாரா? தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்வாரா? செவிலியரிடமும் நோயாளியின் உறவினரிடமும் எவ்வாறு பேசுவார்? களைப்புற்ற நிலையிலும் கவனமாக இருப்பாரா? ஒரு நோயாளிக்கு இவை மதிப்பெண்ணைவிடக் குறைந்த முக்கியத்துவம் உடையவை அல்ல.

இக்கடிதங்கள் எங்கே முக்கியமாகின்றன?

இவ்விவாதம் மிகுதியாக நடைபெறும் நாடு அமெரிக்கா. அங்கு மருத்துவப் பட்டம் பெற்றவர் சுதந்திரமாகப் பணிபுரிவதற்கு முன் ரெசிடென்சி எனப்படும் உறைவிடப் பயிற்சியை மேற்கொள்ள வேண்டும். பெரும்பாலான துறைகளுக்கான விண்ணப்பங்கள் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் நடத்தும் ஈராஸ் என்னும் மின்னணுச் சேவையின் வழியாக அனுப்பப்படுகின்றன. ஒவ்வொரு பயிற்சித் திட்டத்திற்கும் அதிகபட்சம் 4 பரிந்துரைக் கடிதங்களை மாணவர் இணைக்கலாம். கடிதத்தை எழுதியவரே அதை நேரடியாக இணையத்தில் பதிவேற்றுகிறார். அது மாணவரின் கைக்கு வருவதில்லை.

ஒவ்வொரு கடிதத்திற்கும் கோரிக்கை அனுப்பும்போது மாணவரிடம் ஒரு வினா எழுப்பப்படுகிறது: “இக்கடிதத்தைப் பார்க்கும் உரிமையைத் தாங்கள் துறக்கிறீர்களா?” துறந்துவிட்டால் கடிதம் இரகசியமானதாகக் கருதப்படும். துறக்காவிட்டால், அச்செய்தியைக் கடிதத்தைப் படிக்கும் தேர்வுக் குழுவினரும் அறிவர்.

இந்தியாவில் நிலைமை வேறு. இங்கு முதுநிலை மருத்துவ இடங்கள் நீட் முதுநிலைத் தேர்வின் தரவரிசையையும் கலந்தாய்வையும் கொண்டு நிரப்பப்படுகின்றன. அதில் பரிந்துரைக் கடிதத்திற்கு இடமில்லை. எனினும், இந்திய மருத்துவப் பட்டதாரிகள் பலர் ஆண்டுதோறும் அமெரிக்கப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கின்றனர். அவர்களும் இதே வினாவுக்கு விடையளிக்க வேண்டியுள்ளது. எதை இழக்கிறோம், எதைப் பெறுகிறோம் என்று அறியாமலே பலர் அப்படிவத்தை நிரப்பிவிடுகின்றனர்.

சட்டம் என்ன கூறுகிறது?

அமெரிக்காவில் மாணவர் ஆவணங்கள் தொடர்பான சட்டம் 1974ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் கையொப்பமிடப்பட்டது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு அது ஃபெர்பா என அழைக்கப்படுகிறது. கல்வி நிறுவனம் தம்மைப் பற்றி வைத்திருக்கும் ஆவணங்களைப் பார்க்கும் உரிமையை அச்சட்டம் மாணவருக்கு அளித்தது. நம்பிக்கையின் பேரில் எழுதப்பட்ட பழைய பரிந்துரைக் கடிதங்களும் இதனால் வெளிவந்துவிடும் என்று கல்லூரிகள் கவலை தெரிவித்தன. எனவே அதே ஆண்டு டிசம்பர் இறுதியில் சட்டம் திருத்தப்பட்டது. அத்திருத்தத்தின் முக்கியக் கூறுகள் வருமாறு:

• 1975 ஜனவரி 1ஆம் நாளுக்கு முன் கோப்பில் வைக்கப்பட்ட இரகசியக் கடிதங்களை மாணவருக்குக் காட்ட வேண்டியதில்லை.
• அதன் பின்னர் எழுதப்படும் கடிதங்களைப் பார்க்கும் உரிமையை மாணவர் எழுத்து வடிவில் துறக்கலாம்.
• கல்லூரியில் சேர்ப்பதற்கோ, நிதியுதவி வழங்குவதற்கோ, வேறு சேவை அளிப்பதற்கோ அத்துறப்பை நிபந்தனையாக விதிக்கக் கூடாது.
• உரிமையைத் துறந்த மாணவர் கேட்டால், தம்மைப் பற்றிக் கடிதம் எழுதியவர்களின் பெயர்களை அவருக்குத் தெரிவிக்க வேண்டும்.
• எந்த நோக்கத்திற்காகக் கடிதம் பெறப்பட்டதோ அந்த நோக்கத்திற்கு மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும்.

இங்கு ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். இச்சட்டம் அளிக்கும் உரிமை, மாணவர் பயிலும் அல்லது பயின்ற நிறுவனத்தில் உள்ள ஆவணங்களுக்கே பொருந்தும். விண்ணப்பித்து இடம் கிடைக்காத நிறுவனத்திடம் சென்று, “என்னைப் பற்றி உங்களுக்கு வந்த கடிதத்தைக் காட்டுங்கள்” என்று இச்சட்டத்தின் கீழ் கேட்க இயலாது. எனவே, உரிமையைத் துறக்காத மாணவரும் தமக்குச் சேர்க்கை மறுக்கப்பட்ட காரணத்தைக் கடிதத்தின் வழியே அறிந்துவிடலாம் என்று எண்ணுவது சரியன்று.

பிரிட்டனிலும் இதையொத்த அணுகுமுறை உள்ளது. அங்கு 2018ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், கல்விக்காகவோ பணிக்காகவோ நம்பிக்கையின் பேரில் எழுதப்படும் மதிப்புரைகளை, தம்மைப் பற்றிய தகவலைக் கேட்டுப் பெறும் உரிமையிலிருந்து விலக்குகிறது. முந்தைய 1998ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவ்விலக்கு கடிதத்தை அனுப்பியவருக்கு மட்டுமே இருந்தது. இப்போது பெற்றவருக்கும் உண்டு. அதே வேளையில், மருத்துவர்களைப் பதிவு செய்யும் அந்நாட்டுப் பொது மருத்துவ மன்றம், மதிப்புரை எழுதும் மருத்துவர் நேர்மையாகவும் நடுநிலையாகவும் எழுத வேண்டும் என்றும், நோயாளியின் பாதுகாப்போடு தொடர்புடைய தகவலை மறைக்கக் கூடாது என்றும் எதிர்பார்க்கிறது. கடிதத்தை மறைத்து வைக்க உரிமை உண்டு. கடிதத்திற்குள் உண்மையை மறைக்க உரிமை இல்லை.

இரகசியம் வேண்டும் என்பதற்கான காரணங்கள்

முதற்காரணம், எழுதுபவரின் மனத்தடை. தம் மாணவர் இதைப் படிப்பார் என்று அறிந்த ஆசிரியர், குறையை எழுதத் தயங்குவார். நேரில் முகம் பார்த்துப் பழகிய மாணவரைப் பற்றிக் “கைவேலை திருத்தமாக உள்ளது, அவசர நிலையில் முடிவெடுக்கத் தடுமாறுகிறார்” என்று எழுதுவது எளிதன்று. விளைவாக எல்லாக் கடிதங்களும் ஒரே பாராட்டுரையாக மாறிவிடும். எல்லாரையும் சிறந்தவர் என்று சொல்லும் கடிதத்தால் எவரையும் வேறுபடுத்திக் காண முடியாது.

இரண்டாவது, படிப்பவரின் நம்பிக்கை. மாணவர் பார்க்க இயலாத கடிதத்தையே பல தேர்வுக் குழுக்கள் மதிக்கின்றன. உரிமையைத் துறக்காத மாணவரின் கடிதத்தை அவை ஐயத்துடன் நோக்கக்கூடும். நன்றாக எழுதப்பட்ட கடிதமும் இதனால் வலுவிழக்கும்.

மூன்றாவது, நோயாளியின் நலன். பயிற்சித் திட்டத்தின் பொறுப்பாளர் மாணவரின் பலவீனத்தை முன்கூட்டியே அறிந்தால், அவருக்குத் தேவையான மேற்பார்வையைத் திட்டமிடலாம். குறையைச் சொல்வது எப்போதும் மாணவரின் வாய்ப்பைக் கெடுப்பது ஆகாது. பல வேளைகளில் அது அவருக்கும் அவர் பார்க்கும் நோயாளிக்கும் பாதுகாப்பாக அமையும்.

இரகசியம் கூடாது என்பதற்கான காரணங்கள்

மறுபக்கத்துக் காரணங்களும் எடையுடையவை. தம்மைப் பற்றி எழுதப்பட்டது தவறானால், அதைத் திருத்தும் வாய்ப்பு மாணவருக்குக் கிடைப்பதில்லை. ஒரே பெயருடைய இருவரில் ஒருவரின் குறை மற்றவர் கடிதத்தில் ஏறிவிட்டால், அது கண்டுபிடிக்கப்படாமலே போகலாம். தனிப்பட்ட மனக்கசப்பும் இரகசியத்தின் மறைவில் மதிப்பீடாக வேடமிடலாம்.

எழுதுபவரே அறியாத சார்புகளும் உண்டு. அமெரிக்காவின் பெரிய மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஆசிரியர் பணிக்காக எழுதப்பட்ட 300க்கும் மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களை ஆராய்ந்த மொழியியல் ஆய்வு 2003ஆம் ஆண்டு வெளியாயிற்று. பெண்களுக்கான கடிதங்கள் சராசரியாகக் குறுகியவையாகவும், ஐயத்தை எழுப்பும் சொற்கள் மிகுந்தவையாகவும் இருந்ததாக அது கண்டது. எழுதியவர்கள் தீய எண்ணத்துடன் எழுதியிருக்க வேண்டியதில்லை. ஆயினும் பாதிக்கப்படுபவர் கண்ணில் படாத சார்பை அவரால் சுட்டிக்காட்ட இயலாது.

மேலும், உரிமைத் துறப்பு உண்மையிலேயே விருப்பத்தின் பேரில் நிகழ்கிறதா என்ற கேள்வியும் உள்ளது. துறக்காவிட்டால் கடிதத்தின் மதிப்புக் குறையும் என்று எல்லாரும் அறிந்திருக்கும்போது, சட்டம் அளித்த தெரிவு நடைமுறையில் சுருங்கிவிடுகிறது.

இரகசியம் உண்மைக்கு உறுதியளிக்குமா? ஒரு வழக்கு

இவ்வினாவுக்கு விடை தேட, மாணவர் கடிதத்திலிருந்து சற்று விலகி, பணியில் இருந்த மருத்துவர் ஒருவருக்காக எழுதப்பட்ட கடிதங்களைப் பற்றிய வழக்கைக் காண்போம். கடிதத்தின் இயல்பு இரண்டிலும் ஒன்றே. இவ்வழக்கு நோயாளிக்கு நேரும் விளைவைத் தெளிவாகக் காட்டுகிறது.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பணிபுரிந்த மயக்க மருந்து நிபுணர் ஒருவர், பெத்திடின் என்னும் வலிநிவாரணியைத் தாமே தவறாகப் பயன்படுத்தியதாகக் கண்டறியப்பட்டு, 2001ஆம் ஆண்டு பணிநீக்கம் செய்யப்பட்டார். அதன் பின்னர் அவர் வேறிடத்தில் பணி தேடியபோது, அவரை நீக்கிய மயக்கவியல் குழுவைச் சேர்ந்த இருவர் அவரைப் பாராட்டிப் பரிந்துரைக் கடிதம் எழுதினர். போதைப் பழக்கத்தைப் பற்றியோ பணிநீக்கத்தைப் பற்றியோ அவற்றில் ஒரு சொல்லும் இல்லை. அவர் பணிபுரிந்த மருத்துவமனை, விரிவான வினாப் படிவத்திற்கு விடையளிக்காமல், பணியாற்றிய காலத்தை மட்டும் தெரிவித்துக் கடிதம் அனுப்பியது.

இவற்றை நம்பி, வாஷிங்டன் மாநிலத்தின் காட்லெக் மருத்துவ மையம் அவரைப் பணியில் ஏற்றது. 2002 நவம்பரில் அங்கு ஒரு பெண்ணுக்கு வழக்கமான, சில நிமிடங்களில் முடியும் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை நடைபெற்றது. மயக்க மருந்து கொடுத்தவர் இவரே. அப்பெண் மீளா மயக்கநிலைக்குச் சென்றார்.

குடும்பத்தினருக்கு இழப்பீடு வழங்கிய காட்லெக் மருத்துவ மையம், கடிதம் எழுதியவர்கள் மீது வழக்குத் தொடர்ந்தது. 80 இலட்சம் டாலருக்கு மேற்பட்ட தொகையை நடுவர் குழு தீர்ப்பாக வழங்கியது. 2008ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் இரு வேறு முடிவுகளைக் கூறியது. தவறான தோற்றத்தைத் தரும் பாராட்டுக் கடிதத்தை அனுப்பிய மயக்கவியல் குழுவின் பொறுப்பை அது உறுதி செய்தது. பணிக்காலத்தை மட்டும் தெரிவித்துவிட்டு மௌனம் காத்த மருத்துவமனைக்கோ, தானாக முன்வந்து உண்மையைச் சொல்லும் சட்டக் கடமை அம்மாநிலச் சட்டப்படி இல்லை என்று கூறி, அதற்கு எதிரான தீர்ப்பை நீக்கியது.

இவ்வழக்கு நமக்கு உணர்த்துவது இரண்டு. முதலாவது, ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொரு நிறுவனத்திற்குச் சென்ற கடிதங்களிலும் உண்மை வெளிவரவில்லை. எழுதுபவரின் கடமையுணர்வே உண்மையைத் தரும். மூடிய உறை அதைத் தராது. இரண்டாவது, சட்டம் மன்னிக்கும் மௌனமும் நோயாளியைக் காப்பதில்லை.

மாணவர் பார்க்கக்கூடிய மதிப்பீடு

அமெரிக்க விண்ணப்பத்தில் இரகசியக் கடிதங்களோடு இன்னோர் ஆவணமும் செல்கிறது. முன்பு முதல்வர் கடிதம் என்று அழைக்கப்பட்டு, இப்போது மருத்துவ மாணவர் செயல்திறன் மதிப்பீடு எனப் பெயர் பெற்றுள்ள அவ்வாவணத்தைக் கல்லூரி தயாரிக்கிறது. ஒவ்வொரு துறையிலும் மாணவர் பணியாற்றிய விதம், பயிற்சியில் ஏற்பட்ட இடைவெளிகள், ஒழுங்கு நடவடிக்கைகள் ஆகியவை அதில் பதிவாகும். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் அமைப்பின் விதிப்படி, அதை மாணவர் பார்வையிடலாம். அதில் உள்ள தகவல் தவறானது, திசைதிருப்புவது அல்லது பொருத்தமற்றது என்று கருதினால் மறுப்புத் தெரிவிக்கலாம்.

அவசர மருத்துவத் துறை வேறொரு வழியை மேற்கொண்டது. 1990களில் அத்துறையினர், நீண்ட பாராட்டுரைக்கு மாற்றாக ஒரு பொதுப் படிவத்தை உருவாக்கினர். அதில் எழுதுபவர், இம்மாணவர் தம்மிடம் பயின்றவர்களுள் எந்த இடத்தில் நிற்கிறார் என்று குறிப்பிட வேண்டும். எல்லாரையும் முதலிடத்தில் வைக்க இயலாத அமைப்பு அது. இரகசியம் சாதிக்க முயன்ற வேறுபடுத்தலை, கேள்விகளை ஒழுங்காக அமைப்பதன் மூலமும் ஓரளவு பெறலாம் என்பதை இது காட்டுகிறது.

அப்படியானால் மாணவர் என்ன செய்ய வேண்டும்?

மேற்கண்ட இரு பக்கக் காரணங்களையும் சீர்தூக்கிப் பார்க்கும்போது, பெரும்பாலான சூழல்களில் பார்க்கும் உரிமையைத் துறப்பதே ஏற்புடையது. ஆனால் அத்துறப்பு மாணவரைக் கண்களைக் கட்டிவிட்டதாக ஆகக் கூடாது. அதற்குப் பின்வரும் நெறிகள் உதவும்.

1. எழுதுபவரைத் தேர்ந்தெடுக்கும்போதே நேரடியாகக் கேட்க வேண்டும். “என்னைப் பற்றி வலுவான கடிதம் எழுதித் தர இயலுமா, ஐயா?” என்ற வினாவுக்குத் தயக்கம் விடையாக வந்தால், நன்றி கூறி வேறொருவரை அணுகலாம். அவ்வினா மாணவருக்குச் சட்டம் தரும் உரிமையைவிடப் பயனுள்ள பாதுகாப்பு.

2. தம்மோடு பணிபுரிந்தவரிடமே கேட்க வேண்டும். துறைத் தலைவர் என்ற பதவிப் பெயரைவிட, இரவுப் பணியில் உடன் நின்று பார்த்த மருத்துவரின் சொல் நம்பத்தக்கது.

3. ஒவ்வொரு துறைப் பயிற்சியின் இறுதியிலும் தம் குறைகளைக் கேட்டு அறிய வேண்டும். கடிதத்தில் வரக்கூடிய எந்தக் குறையும் அதற்கு முன்பே தம் காதுக்கு வந்திருக்க வேண்டும்.

4. துறந்த பின்னர் மறைவாகப் பார்க்க முயலக் கூடாது. இரகசியக் கடிதம் என்று கூறிவிட்டு மாணவர் அதைப் படித்திருப்பது, படிக்கும் குழுவிடம் கூறும் பொய்யாகும்.

5. “நீயே எழுதிக் கொண்டு வா, கையொப்பமிடுகிறேன்” என்னும் பழக்கத்தை ஏற்கக் கூடாது. நம் நாட்டில் இது அரிதன்று. மூத்தவரிடம் மறுத்துச் சொல்வது மாணவருக்குக் கடினம் என்பதையும் நாம் அறிவோம். அத்தகைய வேளையில், தாம் பணியாற்றிய காலம், பார்த்த பணிகள், பங்கேற்ற ஆய்வுகள் ஆகியவற்றைப் பட்டியலாகத் தந்து, மதிப்பீட்டை ஆசிரியரின் சொற்களிலேயே எழுதித் தருமாறு பணிவுடன் வேண்டலாம்.

எழுதும் ஆசிரியருக்கும் கடமைகள் உண்டு. நல்ல கடிதம் எழுத இயலாவிட்டால் முன்னரே மறுத்துவிடுவது நேர்மை. நோயாளியின் பாதுகாப்பைப் பாதிக்கும் குறையைக் கண்டால், அதைக் கடிதம் எழுதும் நாள் வரை ஒத்திவைக்கக் கூடாது. அன்றே மாணவரிடமும், தேவையானால் துறைத் தலைவரிடமும் தெரிவிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, குழந்தைகளுக்கான மருந்தின் அளவை இருமுறை தவறாகக் கணக்கிட்ட மாணவரை எண்ணிப் பாருங்கள். அதை அவரிடம் சொல்லாமல், ஆறு மாதம் கழித்து இரகசியக் கடிதத்தில் எழுதும் ஆசிரியர், தொலைவிலுள்ள ஒரு மருத்துவமனையை எச்சரிக்கிறார். ஆனால் அந்த ஆறு மாதமும் தம் சொந்த வார்டிலுள்ள குழந்தைகளை எச்சரிக்கையின்றி விட்டுவிடுகிறார். மாணவரும் திருந்தும் வாய்ப்பை இழக்கிறார்.

நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

உங்கள் அனுபவம் மதிப்புடையது. மாணவர் அல்லது பயிற்சி மருத்துவர் உங்களைப் பரிவுடன் கவனித்தாலும், உங்களுக்கு மனவருத்தம் ஏற்படும்படி நடந்துகொண்டாலும், அதை வார்டின் பொறுப்பு மருத்துவரிடம் உரிய நேரத்தில் கூறுங்கள். அரசு மருத்துவமனையில் நிலைய மருத்துவ அலுவலரிடமும் கூறலாம். உங்கள் சொல் அம்மாணவரின் பயிற்சியில் உடனே பயன்படும்.

மாணவர் உங்களிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டால் நீங்கள் தர வேண்டிய கட்டாயம் இல்லை. சிகிச்சை பெறும் நிலையில் உள்ளவர் மறுக்கத் தயங்குவார் என்பதால், அவ்வாறு கேட்பதே முறையன்று. நன்றி தெரிவிக்க விரும்பினால், மருத்துவமனை நிர்வாகத்திற்கு நீங்களாக எழுதலாம்.

உங்கள் நோய் விவரம் கடிதத்தின் பொருளாகக் கூடாது. மாணவரின் திறமையை விளக்க, அவர் கவனித்த நோயாளியின் கதையை எழுதும் வழக்கம் உண்டு. பெயரை நீக்கினால் போதும் என்று சிலர் எண்ணுகின்றனர். ஊர், தொழில், அரிய நோய், சேர்க்கப்பட்ட நாள் ஆகியவை ஒன்றுசேர்ந்தால் பெயரின்றியும் அடையாளம் தெரிந்துவிடும். நோயாளியைப் பற்றித் தொழில் வழியே அறிந்த இரகசியத்தை மருத்துவர் வெளியிடக் கூடாது என்பது, இந்திய மருத்துவக் குழுமத்தின் 2002ஆம் ஆண்டுத் தொழில் நடத்தை விதிகளிலும் உள்ளது. கடிதம் இரகசியமானது என்பது இக்கடமையிலிருந்து விலக்கு அளிப்பதில்லை.

அடிக்கடி எழும் வினாக்கள்

என் மகள் இந்தியாவில் மருத்துவம் படித்தவர். அமெரிக்கச் சட்டம் அவருக்குப் பொருந்துமா?

அச்சட்டம் அமெரிக்க அரசின் கல்வி நிதி பெறும் நிறுவனங்களுக்கு உரியது. இந்தியக் கல்லூரி அதற்கு உட்பட்டதன்று. ஆயினும் விண்ணப்பச் சேவையில் உரிமைத் துறப்புப் பற்றிய வினாவுக்கு அவரும் விடையளிக்க வேண்டும். கோரிக்கையை உறுதி செய்வதற்கு முன் நன்கு சிந்தித்து விடையளிப்பது நல்லது.

உரிமையைத் துறந்தால், மோசமான கடிதம் சென்றாலும் தெரியாமல் போகுமே?

அந்த இடர் உண்டு. ஒரே ஆசிரியரை நம்பாமல், வெவ்வேறு துறைகளில் தம்மை நன்கு அறிந்த பலரிடம் கடிதம் பெறுவதும், முன்கூட்டியே வெளிப்படையாகக் கேட்பதும் அவ்விடரைக் குறைக்கும்.

கடிதத்தை ஆசிரியர் தாமாகவே காட்டினால் படிக்கலாமா?

துறப்பு என்பது கேட்டுப் பெறும் உரிமையை விடுவதே என்றாலும், இரகசியம் என்று அறிவித்த கடிதத்தைப் படிப்பது அதன் நம்பகத்தன்மையைக் கெடுக்கும். ஆசிரியரின் கருத்தை உரையாடலில் கேட்டறிவது சிறந்தது.

எனக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரின் பரிந்துரைக் கடிதத்தை நான் பார்க்க முடியுமா?

முடியாது; அது அவருடைய தேர்வுக்காக எழுதப்பட்டது. ஆனால் அவருடைய தகுதியையும் பதிவெண்ணையும் நீங்கள் அறியலாம். மருந்துச் சீட்டில் மருத்துவர் தம் பதிவெண்ணைக் குறிப்பிட வேண்டும் என்று 2002ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. “தாங்கள் மாணவரா, பயிற்சி மருத்துவரா, உங்களுக்கு மேல் பொறுப்பு மருத்துவர் யார்?” என்று கேட்பதில் தவறில்லை.

மேல் சிகிச்சைக்கான பரிந்துரைச் சீட்டை நான் படிக்கலாமா?

ஆம். அது உங்கள் உடல்நிலையைப் பற்றியது. உறையில் இட்டுத் தரப்பட்டாலும், அதில் உள்ளதை விளக்குமாறு மருத்துவரிடம் கேட்கலாம். நோயாளியோ அவரால் அதிகாரம் அளிக்கப்பட்ட உதவியாளரோ மருத்துவ ஆவணங்களைக் கோரினால், 72 மணி நேரத்திற்குள் வழங்க வேண்டும் என்று மேற்கண்ட விதிகள் கூறுகின்றன. மாணவரைப் பற்றிய கடிதத்தையும் நோயாளியைப் பற்றிய கடிதத்தையும் ஒன்றெனக் கருதிவிடக் கூடாது.

நினைவில் கொள்ள வேண்டியது

மருத்துவக் கல்வியில் இரகசியத்திற்கு இடமுண்டு. அது எழுதுபவருக்கு உண்மை சொல்லும் துணிவைத் தருமானால் மட்டுமே அந்த இடம் நியாயமானது. தம் குறை என்னவென்று மாணவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைத் திருத்திக்கொள்ள அவருக்குக் காலமும் கிடைத்திருக்க வேண்டும். அவ்வாறு பயிற்றுவிக்கப்பட்ட மருத்துவரைப் பற்றி எழுதப்படும் கடிதத்தை அவர் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், அதில் அவர் அறியாத செய்தி எதுவும் இராது. அத்தகைய மருத்துவர் படுக்கையருகே வந்து நிற்கும்போது, நோயாளி நம்பிக்கையுடன் கையை நீட்டலாம்.